பாக்கெட் இல்லாத உடைக்குப் பிறந்த சிற்பம்

கிமோனோவில் பாக்கெட் கிடையாது. 1603 முதல் 1868 வரை தோக்குகாவா குலத்து ஷோகன்கள் ஜப்பானை ஆண்ட எடோ காலத்தில், வெளியே கிளம்பும் ஓர் ஆணிடம் காசு இருக்கும், மருந்து இருக்கும், புகையிலை இருக்கும். அவற்றை வைத்துக்கொள்ள உடையில் இடம் இருக்காது. வேட்டி கட்டியவர் மடியில் முடிந்துகொண்டு போய்விடுவார். கிமோனோக்காரருக்கு அந்த வசதியும் இல்லை. பெண்கள் சிறு பொருள்களை அகன்ற கைப்பகுதியிலும் மார்பு மடிப்பிலும் இடுப்புப் பட்டைக்குள்ளும் செருகிக்கொண்டார்கள். ஆண்கள் பெரும்பாலும் இடுப்பில் தொங்கவிட்டார்கள்.

தொங்கவிடும் முறை எளியது. பையையோ பெட்டியையோ ஒரு பட்டுக் கயிற்றின் கீழ்முனையில் கட்டுவார்கள். கயிறு, ஒபி என்ற இடுப்புப் பட்டைக்கு அடியில் நுழைந்து மேலே வரும். மேல்முனையில் ஒரு சிறு கட்டை கோக்கப்பட்டிருக்கும். பட்டையின் விளிம்பில் அந்தக் கட்டை மாட்டிக்கொள்வதால் கீழே தொங்கும் பாரம் நழுவாது. கயிற்றின் நடுவே ஒஜிமே என்றொரு மணி. அதைக் கீழே தள்ளினால் பையின் வாய் இறுகும், மேலே ஏற்றினால் திறக்கும். மேல்முனையில் இருக்கும் கட்டைக்குத்தான் நெட்சுகே என்று பெயர்.

பெரும்பாலான நெட்சுகேகள் 3 முதல் 5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். உள்ளங்கையில் வைத்து விரலை மூடினால் காணாமல் போகும். அந்த அளவுக்குள் எலியின் மயிரையும், தவளையின் தோல் முண்டுகளையும், கிழவியின் கன்னச் சுருக்கத்தையும் செதுக்கிக் காட்டிய ஒரு தொழில், ஜப்பானின் நகரங்களில் சுமார் இரண்டு நூற்றாண்டுகள் செழித்திருந்தது.

தொடக்கத்தில் இதற்குச் சிற்பியே தேவைப்படவில்லை. சின்னஞ்சிறு சுரைக்காய், மரவேர்த் துண்டு, சிப்பி, எலும்பு என்று கயிற்றை நிறுத்தக்கூடிய எதுவும் போதுமானதாக இருந்தது. சீனர்களும் இதே முறையில் இடுப்பில் பைகளைத் தொங்கவிட்டவர்கள்தான். சீனாவிலிருந்து வந்த பழைய முத்திரைகளில் துளை போட்டு ஜப்பானியர் நெட்சுகேயாக மாட்டிக்கொண்டதும் உண்டு. ஷிஷி என்ற புராணச் சிங்கம் ஒரு பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் நெட்சுகேகள் அந்த முத்திரைகளின் சாயலில் வந்தவை. இந்தக் கட்டை தனிக் கைத்தொழிலாக வளர்ந்தது 18ஆம் நூற்றாண்டில். அதன் மவுசை ஏற்றிவிட்டவை, கயிற்றின் மறுமுனையில் தொங்கிய இரண்டு பொருள்கள்: மருந்துப் பெட்டியும் புகையிலைப் பையும்.

மருந்துப் பெட்டியின் பெயர் இன்ரோ. ஒன்றன்மேல் ஒன்றாகக் கச்சிதமாகப் பொருந்தும் சிறு அடுக்குகள் கொண்ட தட்டையான பெட்டி அது. முதலில் முத்திரை வைக்கப் பயன்பட்டது. பிறகு மருந்து உருண்டைகளும் பொடிகளும் அதில் குடியேறின. மேலே பல அடுக்கு அரக்குப் பூச்சு, அதன்மேல் தங்கத்தூள் ஓவியம். சாமுராய்களுக்கு அது அந்தஸ்தின் அடையாளமாகவும் இருந்தது. ஜப்பானில் 1969 முதல் 2011 வரை ஒளிபரப்பான ‘மித்தோ கோமோன்’ என்ற தொலைக்காட்சித் தொடரில், எளிய வேடத்தில் ஊர் சுற்றும் பெரியவர் யார் என்று ஊருக்குத் தெரியவருவது, தோக்குகாவா குலச் சின்னம் பொறித்த இன்ரோவை அவருடைய உதவியாளர் உயர்த்திக் காட்டும்போதுதான். பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் மண்டியிட்டுவிடுவார்கள்.

புகையிலை ஐரோப்பியக் கப்பல்களில் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷோகன் அரசு அதைப் பலமுறை தடைசெய்தும் பலிக்கவில்லை. மயிரிழை போல நறுக்கிய புகையிலையை, நுனியில் சிறு கிண்ணம் உள்ள கிசெரு என்ற மெல்லிய குழாயில் வைத்துப் புகைப்பது ஊரெங்கும் பரவியது. அந்தக் கிண்ணத்தில் கொள்ளும் புகையிலை சில இழுப்பில் தீர்ந்துவிடும் என்பதால், பையையும் குழாயையும் கையோடு எடுத்துப்போக வேண்டியிருந்தது. சாமுராய்க்கு இன்ரோ எப்படியோ, வணிகருக்கும் கைவினைஞருக்கும் புகையிலைப் பை அப்படி. பை பெருகப் பெருக அதை நிறுத்தும் கட்டைக்கும் கிராக்கி ஏறியது.

கிராக்கிக்குச் சட்டமும் மறைமுகமாக உதவியது. எடோ காலச் சமூக அடுக்கில் சாமுராய் முதலில், அடுத்து உழவர், அடுத்துக் கைவினைஞர், கடைசியில் வணிகர். ஆனால் பணம் புழங்கியது அந்தக் கடைசி அடுக்கில்தான். யார் எந்தத் துணி உடுத்தலாம், வீட்டை எப்படிக் கட்டலாம் என்றெல்லாம் அரசு அடிக்கடி ஆணை போட்டது. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒசாகாவின் யோதோயா குடும்பம் சாட்சி. பிரபுக்களுக்கே கடன் கொடுத்த அந்தப் பெருவணிகக் குடும்பத்தின் சொத்து முழுவதையும், தகுதிக்கு மீறி ஆடம்பரமாக வாழ்ந்தார்கள் என்று சொல்லி 1705இல் அரசு பறிமுதல் செய்தது. இத்தகைய சூழலில், இடுப்பில் தொங்கும் சிறு கட்டை அதிகாரிகளின் கண்ணை அவ்வளவாக உறுத்தவில்லை. மேலே சாதாரண நிறத்தில் கிமோனோ, இடுப்பில் தேர்ந்த கலைஞர் செதுக்கிய யானைத்தந்த எலி. தெரிந்தவருக்குத் தெரியும்.

ஜப்பானில் யானை இல்லை. தந்தம் வந்தது நாகசாகி வழியாக. அயல்நாட்டினரைப் பெரும்பாலும் விலக்கிவைத்திருந்த அக்காலத்தில், அந்தத் துறைமுகத்தில் சீனர்களும், தெஜிமா என்ற செயற்கைத் தீவில் அடைபட்டிருந்த டச்சுக்காரர்களும் மட்டுமே ஐரோப்பிய, ஆசியச் சரக்குகளை இறக்க முடிந்தது. வந்திறங்கிய தந்தத்தில் நல்ல பாகம் வேறு வேலைகளுக்குப் போகும். ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டும் அகன்ற மீட்டுகோலுக்குப் பெரிய துண்டு வேண்டும். அதை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் முக்கோணத் துண்டுகள் நெட்சுகே செதுக்குபவரிடம் வந்துசேர்ந்தன. பழைய தந்த நெட்சுகேகள் பலவற்றின் குறுக்குவெட்டு முக்கோணமாக இருப்பதற்கு இதுவே காரணம். கழிவுத் துண்டின் வடிவத்துக்குள் ஒரு முனிவரையோ நரியையோ பொருத்திப் பார்ப்பதில்தான் அந்தச் சிற்பியின் சாமர்த்தியம் இருந்தது.

அதே டச்சுக் கப்பல்களில் தமிழகக் கரையின் சரக்கும் போனது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலும் பின்னர் நாகப்பட்டினத்திலும் தலைமையகம் வைத்துச் சோழமண்டலக் கரைத் துணிகளை வாங்கி, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக நாகசாகிக்கு அனுப்பியது. சென்னை சாந்தோமின் போர்த்துகீசியப் பெயரையொட்டி, கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு ஜப்பானில் ‘சந்தோமே’ என்ற பெயரே நிலைத்தது. ஒருவகைத் தோலுக்கும் அதே பெயர். சரசா என்று அவர்கள் அழைத்த இந்தியச் சாயத் துணியின் சிறு துண்டுகூடப் பொக்கிஷம். அதை வைத்துத் தேநீர்ச் சடங்குக்கான பைகளையும் புகையிலைப் பைகளையும் தைத்தார்கள். நெட்சுகே மேலே நிற்க, அதன் கயிற்றில் சோழமண்டலத்துச் சாயம் தொங்கிய இடுப்புகள் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) இருந்தன.

தந்தத்தைவிட மரமே பரவலாகப் பயன்பட்டது. அதிலும் ட்சுகே என்ற பாக்ஸ்வுட் மரம். நெருக்கமான இழையும் தேன் நிறமும் கொண்டது. கத்தி எந்தத் திசையில் போனாலும் சிதறாது. மான்கொம்பு, காட்டுப்பன்றிக் கோரைப்பல், வால்ரஸ் தந்தம், திமிங்கிலப் பல், கருங்காலி, மூங்கில், அம்பர், பீங்கான், இருவாச்சியின் மண்டைக்கொம்பு என்று கையில் கிடைத்த கெட்டியான பொருள் எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

ஆனால் எந்தப் பொருளில் செய்தாலும் நெட்சுகேவுக்குச் சில விதிகள் உண்டு. அவற்றை எழுதியவர் யாருமில்லை, உடைதான் விதித்தது. கூரான முனை நீட்டிக்கொண்டிருந்தால் பட்டுத் துணி கிழியும், அல்லது முனை ஒடியும். எனவே உருவம் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ள வேண்டும்: எலி வாலைக் காலடியில் மடக்கிக்கொள்ளும், குதிரை தலையைக் குளம்பை நோக்கித் தாழ்த்தும், குரங்கு முழங்காலைக் கட்டிக்கொள்ளும். கயிறு கோக்க ஹிமோதோஷி என்ற இரண்டு துளைகள் வேண்டும். பல நெட்சுகேகளில் ஒரு துளை மற்றதைவிடப் பெரிதாக இருக்கும்; முடிச்சு அதற்குள் ஒளிந்துகொள்ளும். துளை தப்பான இடத்தில் விழுந்தால் உருவம் தலைகீழாகவோ முதுகைக் காட்டியோ தொங்கும். தேர்ந்த கலைஞர் துளையே போடாமல், விலங்கின் காலுக்கும் வயிற்றுக்கும் இடையே இயல்பாக அமையும் இடைவெளியைக் கயிற்றுக்கு வழியாக்கிவிடுவார். ஒசாகாவின் கைக்யோக்குசாய் மசத்சுகு (1813–1892) இதில் பேர்போனவர்.

இன்னொரு விதியும் உண்டு. கோயில் சுவரில் பதித்த சிலைக்கு முதுகு வேண்டாம். நெட்சுகே எந்தப் பக்கமும் திரும்பும். கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள். ஆகவே அடிப்பக்கமும் முன்பக்கத்தின் அளவுக்கே தீர்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் நாயின் பாதத்தின் அடியில் உள்ள மெத்தையைக்கூடச் செதுக்கியிருப்பார்கள்.

செதுக்கி முடித்தபின் மெருகேற்றுவது நீண்ட வேலை. சொரசொரப்பான தோகுசா என்ற செடியின் தண்டாலும், முக்கு மரத்தின் இலையாலும் தேய்த்து, யஷா மரத்தின் காயிலிருந்து எடுத்த சாயத்தில் நிறமேற்றி, மான்கொம்புப் பொடியால் பளபளப்பாக்குவார்கள். அதற்குமேல் மெருகேற்றுவது அணிந்தவரின் வேலை. பல ஆண்டுகள் கையும் துணியும் உரசியதில் முன்பக்கத்து நுண்கோடுகள் தேய்ந்து, தந்தம் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் மாறும். புத்தம்புது நெட்சுகேயைவிட அப்படித் தேய்ந்ததைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

நுட்பங்களில் வியக்கவைப்பது உக்கிபோரி. தவளையின் முதுகில் முண்டுமுண்டாகப் புடைப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புடைப்பையும் சுற்றிச் செதுக்கிக்கொண்டிருந்தால் ஆயுள் போய்விடும். அதற்குப் பதிலாக, மழுங்கிய கருவியால் மரத்தில் புள்ளி புள்ளியாக அழுத்துவார்கள், பள்ளங்கள் விழும். பிறகு சுற்றியுள்ள பரப்பை அந்தப் பள்ளங்களின் ஆழத்துக்குச் சீவிவிட்டு மரத்தை நனைப்பார்கள். நசுங்கிக் கிடந்த இழைகள் நீரில் ஊறி எழும்பும். பள்ளமிருந்த இடமெல்லாம் மேடாகும்.

இந்த முறையை எழுத்துக்குப் பயன்படுத்தியவர்கள் இவாமி மாகாணத்துக் கலைஞர்கள். இன்றைய ஷிமானே பகுதியில் இருந்த அந்த ஊர்ப்புறத்தில் செய்யோதோ தோமிஹாரு என்பவர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு மரபைத் தொடங்கினார். பன்றிக் கோரைப்பல்லில் சிலந்தி, பூரான், தவளை போன்ற சிற்றுயிர்களைச் செதுக்கியது அந்த மரபு. பெயர், ஊர், தேதி என்று மயிரிழை எழுத்தில் விவரமாகக் கையெழுத்திடுவதும் அவர்கள் வழக்கம். தோமிஹாருவின் மகள் புன்ஷோஜோவும் (1764–1838) தந்தையின் தொழிலைச் செய்து சொந்தப் பெயரில் கையெழுத்திட்டார். ஆண்கள் செய்து ஆண்கள் அணிந்த ஒரு பொருளின் வரலாற்றில் பெயர் தெரிந்த மிகச் சில பெண் கலைஞர்களுள் அவர் முதன்மையானவர்.

ஊருக்கு ஊர் பாணி வேறுபட்டது. கியோத்தோவில் தோமோத்தாதா, மசனாவோ, ஒக்காத்தோமோ ஆகியோர் விலங்குகளுக்குப் பேர்போனவர்கள். தோமோத்தாதாவின் படுத்திருக்கும் மாட்டுக்கு அவர் காலத்துக்கு அருகிலேயே போலிகள் குவிந்தன. அவர் பெயர் பொறித்த நெட்சுகேகளில் பெரும்பாலானவை அவர் கை படாதவை. சூ நகரத்து தனாகா மின்கோ (1735–1816) புலிகளும் அசையும் பாகம் கொண்ட வித்தை நெட்சுகேகளும் செய்தார். தன்பாவில் நைதோ தோயோமாசா. மலைநாடான ஹிதா தகாயாமாவில் மத்சுதா சுகெனாகா, இச்சீ என்ற யூ மரத்தில் கத்தியின் வெட்டுத்தடம் தெரியும்படி, வண்ணம் பூசாமல் செதுக்கும் பாணியை உருவாக்கினார். அந்தக் கைவினை தகாயாமாவில் இன்றும் தொழிலாக நடக்கிறது. எடோவின் அசகுசாப் பகுதியில் கொகுசாய் மான்கொம்பின் இயற்கை வளைவையும் ஓட்டையையும் அப்படியே வைத்து விசித்திர உருவங்களை வடித்தார்.

இவர்களில் முந்தையவர்களைப் பற்றித் தெரிவதற்கு ஒரு வணிகர்தான் காரணம். ஒசாகாவில் வாள் அணிகலன் வியாபாரம் செய்த இனாபா ட்சூர்யூ என்பவர் 1781இல் ‘சோகென் கிஷோ’ என்ற ஏழு தொகுதி நூலை வெளியிட்டார். வாளின் உறுப்புகளைப் பற்றிய கையேடு அது. கடைசித் தொகுதியில் இன்ரோவோடு நெட்சுகேவுக்கும் இடம் கொடுத்து, 50க்கும் மேற்பட்ட செதுக்குநர்களைப் படங்களோடு பட்டியலிட்டார். இந்தத் தொழில் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய ஆவணம் இது. அதில் சிறப்பிடம் பெற்றவர் யோஷிமுரா ஷூசான். கானோ மரபில் பயின்ற ஓவியர். பொழுதுபோக்காக மரத்தில் விசித்திர விலங்குகளையும் முனிவர்களையும் செதுக்கி வண்ணம் தீட்டினார். நெட்சுகேயில் அவர் ஒருபோதும் கையெழுத்திட்டதில்லை.

என்னதான் செதுக்கினார்கள்? எதைச் செதுக்கவில்லை என்பதுதான் கடினமான கேள்வி. ராசிச் சுற்றின் பன்னிரண்டு விலங்குகள், நாட்டுப்புறக் கதைப் பாத்திரங்கள், காளான், அழுகத் தொடங்கிய பழம், மண்டையோட்டின் மேல் ஊரும் பாம்பு, நோ நாடக முகமூடி, குஸ்தி வீரர்கள், எருமைமேல் தூங்கும் பையன். சிப்பி மூச்சுவிட, அந்த மூச்சில் கடலரசனின் அரண்மனை தோன்றும் என்று ஒரு கதை உண்டு; அதற்காகத் தந்தச் சிப்பியின் வாய்க்குள் கோபுரமும் பாலமும் மரங்களும் கொண்ட நகரத்தையே குடைந்தார்கள். தாமரைக் காயைச் செதுக்கி, அதன் குழிகளுக்குள் விதைகள் உருண்டு ஓசை எழுப்பும்படி ஒரே துண்டில் விடுவித்தார்கள்.

கேலிக்கும் குறைவில்லை. பேய்களை விரட்டும் வீரன் ஷோகியின் தொப்பிமேல் குட்டிப்பேய் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கும். டச்சுக்காரர் அடிக்கடி அகப்படுவார்: உயரத் தொப்பி, வரிசையாகப் பொத்தான், அகலக் கண், கையில் சேவலோ நாயோ ஊதுகொம்போ. தெஜிமாவை விட்டு வெளியே வர அனுமதியில்லாத அவர்களை ஊர்மக்கள் பார்க்க முடிந்தது, டச்சுத் தலைவர் ஷோகனுக்கு மரியாதை செலுத்த எடோவுக்கு ஊர்வலமாகப் போகும் நாள்களில்தான். மீதியைக் கற்பனை நிரப்பியது.

இன்னொரு வெளிநாட்டுக்காரர் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானவர். ஜப்பானில் தாருமா என்று அழைக்கப்படும் போதிதர்மர். அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. காஞ்சிபுரத்துப் பல்லவர் குலம் என்பது பிற்கால மரபு. ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்துத் தியானித்தவர் என்ற கதையைச் சிற்பிகள் பிடித்துக்கொண்டார்கள். மேலங்கிக்குள் முழுக்கச் சுருண்ட உருண்டை உருவம் நெட்சுகேவுக்கென்றே அமைந்தது. அவரைப் பக்தியோடு மட்டும் அவர்கள் செதுக்கவில்லை. தியானம் முடிந்து இரு கைகளையும் தூக்கிச் சோம்பல் முறிக்கும் தாருமா, வாய் கிழியக் கொட்டாவி விடும் தாருமா, ஏன், தாருமாவின் அங்கியைப் போர்த்திய விலைமாதுகூட உண்டு.

உருவங்கள் மட்டுமே நெட்சுகே ஆகிவிடவில்லை. மஞ்ஜூ என்பது இனிப்புப் பலகாரம் ஒன்றின் பெயரைக் கொண்ட தட்டையான வட்ட வகை. காகாமிபுத்தா என்பது கிண்ணத்தின்மேல் உலோகத் தகடு மூடிய வகை. உலோகச் சித்திர வேலைக்காரர்களுக்கு அதில் இடம் கிடைத்தது. சாஷி என்பது பட்டைக்குள் செருகும் நீண்ட குச்சி. சில நெட்சுகேகள் இரட்டை வேலை செய்தன: முத்திரை, சூரியக் கடிகாரம், திசைகாட்டி, மணிச்சட்டம். புகைப்பவர்களுக்கு உலோகக் கிண்ண நெட்சுகே; குழாயில் மிஞ்சிய கனலை அதில் தட்டி வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றுப் புகையிலையை அதிலேயே பற்றவைப்பார்கள்.

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் எடோ விரிகுடாவில் நின்றன. 1868இல் ஷோகன் ஆட்சி முடிந்தது. புதிய மெய்ஜி அரசு அதிகாரிகளுக்கு மேற்கத்திய உடையை மாட்டியது. உடையோடு பாக்கெட்டும் வந்தது. சிகரெட் வந்து புகையிலைப் பையைத் தேவையற்றதாக்கியது. 1876இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்ததும் வாளுறை, கைப்பிடி அணிகலன் செய்தவர்களும் வேலை இழந்து தந்தச் செதுக்கலுக்குத் திரும்பினார்கள். ஒரு தலைமுறைக்குள் நெட்சுகேவின் வேலை பறிபோயிற்று. அடகுக்கடைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் அவை குவிந்தன; உள்ளூரில் யாரும் மதிக்கவில்லை.

வாங்க ஆள் வந்தது ஐரோப்பாவிலிருந்து. 1867, 1878 பாரிஸ் கண்காட்சிகளும் 1873 வியன்னா கண்காட்சியும் ஜப்பானியப் பொருள்கள்மீது மோகத்தைக் கிளப்பின. எழுத்தாளர் எட்மோன் த கொன்கூர் போன்றோர் கண்ணாடி அலமாரியில் நெட்சுகே அடுக்கினார்கள். கேட்பவர் இருப்பதைக் கண்ட சிற்பிகள் ஏற்றுமதிக்குச் செதுக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் பழைய விதிகள் தளர்ந்தன. இடுப்பில் மாட்டப்போவதில்லை என்றால் முனை நீண்டால் என்ன, துளை எங்கே இருந்தால் என்ன? செதுக்கலின் நுணுக்கம் கூடியது. உருவத்தின் கட்டுக்கோப்பு குறைந்தது. ஒகிமோனோ என்ற மேசைமேல் வைக்கும் தந்தச் சிற்பங்கள் பெருகின. கைத்திறனில் அவை எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. ஆனாலும் பழைய மசனாவோவின் குருவியையும் ஏற்றுமதிக் காலத்துத் தந்த விவசாயியையும் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், முதலாவதைத்தான் நெட்சுகே என்பார்கள்.

பாரிஸில் 1870களில் சார்ல் எஃப்ரூசி என்ற செல்வந்தர் வாங்கிய 264 நெட்சுகேகளின் பயணம் உலகறிந்தது. 1899இல் வியன்னாவில் நடந்த உறவினர் திருமணத்துக்கு அவர் அவற்றைப் பரிசாக அனுப்பினார். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது, யூதர்களான எஃப்ரூசி குடும்பத்தின் மாளிகை சூறையாடப்பட்டது; ஓவியங்கள், வெள்ளி, நூலகம் எல்லாம் பறிபோயின. அந்த வீட்டுப் பணிப்பெண் ஒருவர், காவலர்கள் கண்ணெதிரே, தன் ஏப்ரன் பாக்கெட்டில் சில சிலவாக நெட்சுகேகளை எடுத்துப்போய்த் தன் மெத்தைக்குள் ஒளித்துவைத்தார். போர் முடிந்தபின் 264ஐயும் குடும்பத்தினரிடம் திருப்பிக் கொடுத்தார். பாக்கெட் வந்ததால் வேலை இழந்த பொருள்களைக் காப்பாற்றியது ஒரு பாக்கெட். குடும்பத்தின் வாரிசும் பீங்கான் கலைஞருமான எட்மண்ட் டி வால் 2010இல் ‘தி ஹேர் வித் ஆம்பர் ஐஸ்’ என்ற நூலில் இதை எழுதியபின், நெட்சுகே என்ற சொல்லையே கேட்டிராதவர்கள் அதைத் தேடத் தொடங்கினார்கள். 2018இல் அவர் அத்தொகுப்பின் பெரும்பகுதியை வியன்னா யூத அருங்காட்சியகத்துக்கு நீண்டகாலக் கடனாகக் கொடுத்தார்.

ஜப்பானுக்கு வெளியேதான் நல்ல தொகுப்புகள் பலவும் சேர்ந்தன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அகஸ்டஸ் ஃபிராங்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே சேர்த்துவைத்தவை இருக்கின்றன. டோக்கியோவில் வழக்கறிஞராக இருந்த அமெரிக்கர் ரேமண்ட் புஷெல் சேகரித்தவற்றில் 600க்கும் மேற்பட்டவை லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. 2011இல் லண்டனில் போனாம்ஸ் நடத்திய ஏலத்தில் கேச்சூ என்ற 18ஆம் நூற்றாண்டுக் கலைஞரின் சடைநாயும் குட்டியும் 2.65 லட்சம் பவுண்டுக்குப் போனது. இந்த விலைகளின் நிழலில் போலி வணிகமும் வளர்ந்தது. பிசினை அச்சில் ஊற்றி, பழுப்புச் சாயம் தடவி, பிரபல கையெழுத்தைக் கீறிய துண்டுகள் சுற்றுலாக் கடைகளில் கிடைக்கின்றன. அச்சுக் கோடும், கயிறே நுழைந்திராத கூர்விளிம்புத் துளையும் பெரும்பாலும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தந்தத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க யானை வேட்டையால் அழிந்துகொண்டிருந்த நிலையில், 1989இல், அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் நாடுகள் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய முடிவெடுத்தன. அமெரிக்கா 2016இல் விதிகளை இறுக்கியது. பிரிட்டனின் 2018 தந்தச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்து, பழம்பொருள்களுக்கும் மிகச் சில விலக்குகளையே விட்டுவைத்தது. 250 ஆண்டுக்கு முன் செதுக்கிய கைப்பொருளுக்கும் நேற்று கொன்ற யானைக்கும் என்ன தொடர்பு என்பது சேகரிப்பாளர்களின் வாதம். பழையது என்ற பெயரில் புதியது நுழையும் என்பது பாதுகாவலர்களின் பதில். அனுபவம் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. உயிருள்ள யானைக்கு முன்னால் ஏலச் சந்தையின் இழப்பு சிறியது. அருங்காட்சியகங்களில் இருக்கும் தந்த நெட்சுகேகளை இந்தச் சட்டங்கள் யாரும் பார்க்காமல் தடுத்துவிடவும் இல்லை.

தொழில் அழிந்துவிடவில்லை. இளவரசர் தகாமாதோவும் (1954–2002) அவர் மனைவி ஹிசாகோவும் சமகாலச் சிற்பிகளிடம் வாங்கி ஊக்குவித்தார்கள். அவர்கள் சேர்த்ததில் சுமார் 500 நெட்சுகேகள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டன. கியோத்தோவில் பழைய சாமுராய் வீடு ஒன்றில் 2007இல் நெட்சுகேவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. அங்கே இன்றைய கலைஞர்களின் படைப்புகளுக்கே அதிக இடம். மாமத் தந்தம், மான்கொம்பு, மரம் ஆகியவற்றில் ஜப்பானியரோடு வெளிநாட்டவரும் செதுக்குகிறார்கள். பிரிட்டனின் மைக்கேல் பர்ச் அவர்களில் முன்னோடி. கோயில் வாசல்களில் விற்கும் கைப்பேசித் தொங்கட்டான்களுக்கும் ஜப்பானியர் நெட்சுகே என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகமும் தங்கள் தொகுப்புகளை இணையத்தில் படங்களோடு வைத்திருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்ததோடு நின்றுவிட வேண்டாம். அடிப்பக்கப் படம் இருந்தால் அதைத் திறந்து, இரண்டு துளைகளையும் அவற்றைச் சுற்றிய தேய்மானத்தையும் பாருங்கள். கயிறு உரசிய தடம் அங்கே தெரிந்தால், அது யாரோ ஒருவரின் இடுப்பில் வேலை பார்த்த நெட்சுகே.